பதினேழாம் நாளின் குமிழி

அந்தமானில் நண்டுத்தீவு என்று ஒரு தீவு உண்டு. அதன் மேற்குக் குடாவில் சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு முங்கியவர்கள் விட்ட மூச்செல்லாம் குமிழி குமிழியாக மேலே வந்து, நீரின் மேல்தோலைத் தொட்டு உடையும்போது, அடியில் இருந்தவர் மனதில் அந்த நேரத்தில் என்ன இருந்ததோ அதை அவருடைய குரலிலேயே சொல்லிவிட்டு உடைந்தன. அருப்புக்கோட்டையிலிருந்து திலகவதியும் அவள் கணவர் சௌந்தரபாண்டியும் ஐந்து நாள் விடுமுறைக்கு அங்கே வந்து இறங்கியபோது, தீவுக்காரர்கள் இதற்குப் பழகி ஒன்பது வருஷம் ஆகியிருந்தது.

முதலில் பேசியது ஒரு வெளிநாட்டுக்காரரின் குமிழி. அவர் பாஷை யாருக்கும் புரியாததால், படகில் இருந்தவர்கள் அதைக் கடலின் கொப்பளிப்பு என்று நினைத்து விட்டுவிட்டார்கள். அடுத்த வாரம் நங்கூரம் பாறையில் சிக்கிக்கொள்ள, அதை எடுக்க முங்கிய உள்ளூர் ஆள் ஒருவனின் குமிழிகள், பக்கத்து வீட்டுச் சேவலைக் குழம்பு வைத்தது நான்தான், நான்தான், நான்தான் என்று மூன்று தரம் சொல்லி உடைந்தன. அவன் நங்கூரத்தோடு ஏறி வந்தபோது சேவலுக்குச் சொந்தக்காரர் படகின் விளிம்பில்தான் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு நடந்த சண்டையைப் பற்றித்தான் தீவில் ரொம்ப நாள் பேசினார்களே தவிர, குமிழி ஏன் பேசியது என்று பேசவில்லை. அதைக் கேட்டு வந்தவர்கள் வெளியூர்க்காரர்கள்தான். அவர்கள் குடாவின் தண்ணீரைக் கண்ணாடிக் குப்பிகளில் அடைத்துச் சீல் வைத்து எடுத்துப் போனார்கள். பிறகு ஒரு கடிதமும் வரவில்லை.

தீவுக்காரர்களுக்கு வேறு வேலை இருந்தது. குற்றவாளிகளையெல்லாம் முங்கவைத்தால் வழக்குகள் சீக்கிரம் முடியுமே என்று யோசித்த காவல் ஆய்வாளர், எதற்கும் ஒருமுறை பார்த்துவிடுவோம் என்று தானே முதலில் முங்கினார். ஏறி வந்து படகிலிருந்த ஆறு பேரின் முகத்தையும் பார்த்தார். அதற்கப்புறம் அந்த யோசனையை அவர் எடுக்கவேயில்லை. பெண் வீட்டுக்காரர்கள் மாப்பிள்ளையைக் குடாவில் இறக்கிக் கேட்க வேண்டும் என்று ஆரம்பித்தார்கள். இரண்டு வருஷம் தீவில் ஒரு கல்யாணமும் நடக்கவில்லை. பஞ்சாயத்து கூடி அதைத் தடை செய்தது. உள்ளாட்சித் தேர்தலில் ஓட்டுக் கேட்டு வந்தவர்களை ஒரு முங்கு போட்டுவிட்டு வாருங்கள் என்று ஜனங்கள் சொல்ல, ஆறு பேரில் ஐந்து பேர் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ஆறாவது ஆளுக்கு நெஞ்சுவலி இருந்ததால் முங்காமலே ஜெயித்தார். தேவாலயத்துப் பாதிரியார் மட்டும், பாவசங்கீர்த்தனத்துக்கு வருகிறவர்கள் குறைந்துவிட்டதாகவும், வருகிறவர்கள் முன்னைவிட உண்மை பேசுவதாகவும் சொன்னார்.

இப்படிப் பட்டுப் பட்டு, ஒன்பது வருஷத்தில் தீவுக்கு இரண்டு வழக்கங்கள் வந்து சேர்ந்தன. ஒன்று, எந்தப் படகு குடாவுக்குப் போனாலும் அதில் தகரம் அடிக்க ஓர் ஆள் போகவேண்டும். குமிழி வரும்போது அந்த ஆள் பிஸ்கட் டின்னை ஓயாமல் தட்டி யாருக்கும் எதுவும் காதில் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முங்கியவரின் வீட்டு ஆள் படகில் இருந்து, நிறுத்து என்று சொன்னால் மட்டும் நிறுத்தலாம். இரண்டாவது, எதையாவது கேட்டுவிட்டால், கேட்டவரும் முங்கியவரும் ஒருவேளை சோறு சாப்பிட்டு முடிக்கும்வரை அதைப்பற்றி வாய் திறக்கக் கூடாது.

திலகவதிக்கு நாற்பத்தாறு வயது. அருப்புக்கோட்டைத் தலைமைத் தபால் நிலையத்தில் கவுன்டரில் உட்கார்ந்து இருபது வருஷமாகிறது. எந்தத் தாளையும் கடைசி வரி வரை படிக்காமல் கையெழுத்துப் போடமாட்டாள். சௌந்தரபாண்டி பஸ் நிலையத்துக்குப் பின்னால் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருந்தார். போன வருஷம் நுரையீரலில் நீர் கோத்து, மதுரையில் இருபத்து மூன்று நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்து, அதில் பாதி நாள் மெஷினில் மூச்சு வாங்கி, பிழைத்து வந்தவர். பிறகு பொது வார்டுக்கு மாற்றியபோது அங்கே சுவரில் இருந்த டிவியில் ஒரே ஒரு சேனல்தான் வந்தது, அதுவும் சத்தம் வராது. காலையிலிருந்து ராத்திரி வரை கடலடியில் மீன்கள் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டே படுத்திருந்தவர், வீட்டுக்கு வந்ததும் பெங்களூரில் வேலை பார்க்கும் மகளிடம், "ஒருதரம் அதுக்குள்ள போய்ப் பாக்கணும் தாயி" என்றார். மகள் ஒரு வருஷம் பொறுத்து, அப்பா எழுந்து நடமாடுகிற சந்தோஷத்தில், விமானம், கப்பல், அறை, இரண்டு பேருக்கும் கடலில் முங்குவது எல்லாம் சேர்த்து ஏற்பாடு செய்து அனுப்பினாள்.

வழியெல்லாம் சௌந்தரபாண்டி பக்கத்து இருக்கைக்காரர்களிடம் ஒரே கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். விமானத்தில் சொன்னார், கப்பலில் சொன்னார், தீவில் பெட்டியைத் தூக்கி வந்த ஆட்டோக்காரரிடமும் சொன்னார்.

"டாக்டரெல்லாம் கையை விரிச்சாச்சு. இவதான் இருபத்து மூணு நாளும் அந்த வராண்டா பெஞ்சை விட்டு நகராம உக்காந்து என்னை இழுத்துப் பிடிச்சு வச்சிருந்தா. இல்லேன்னா நான் எப்பவோ போயிருப்பேன்."

ஒவ்வொரு தடவையும் திலகவதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தன்னடக்கம் என்று எல்லாரும் நினைத்தார்கள். அந்த ஒரு வருஷமாக அவள் அவரை ஒரு டம்ளரைக்கூடத் தூக்கவிட்டதில்லை. குளிக்க வெந்நீர் விளாவி வைத்தாள், செருப்பைத் திருப்பி வைத்தாள், ராத்திரி அவர் இருமினால் அவருக்கு முன்னால் எழுந்தாள். இப்படி ஒரு பெண்டாட்டி யாருக்கு அமையும் என்று அருப்புக்கோட்டையில் தெருவே சொன்னது. அவளுக்கு ஆஸ்பத்திரியின் பதினேழாவது நாள் நினைவில் இருந்தது.

முங்கக் கற்றுக்கொடுக்கும் கூடத்தில் ஜெனோவா என்ற பெண் இருந்தாள். தூத்துக்குடிக்காரி, முப்பது வயதுக்குள் இருக்கும், வெயிலில் தலைமுடி செம்பட்டை பாய்ந்திருந்தது. இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு படிவம் கொடுத்தாள். சௌந்தரபாண்டி மருத்துவக் கேள்விகளுக்கெல்லாம் உள்ளது உள்ளபடி டிக் அடித்துக் கொடுத்தார். அதை வாங்கிப் பார்த்த ஜெனோவா நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"சார், மன்னிச்சுக்கோங்க. நுரையீரல்ல இவ்ளோ பெரிய வியாதி வந்தவங்களை நான் கீழ கூட்டிட்டுப் போக முடியாது. எந்த டாக்டரும் கையெழுத்துப் போட மாட்டாங்க."

"ஒரு பத்தடி?"

"ஒரு அடிகூட முடியாது சார்."

அவர் கொஞ்ச நேரம் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முகம் தெளிந்து மனைவி பக்கம் திரும்பினார். "சரி, அப்ப நீ போ திலகா. ரெண்டு பேருக்கும் சேத்துப் பாரு. நான் படகுல உக்காந்திருக்கேன்."

திலகவதி அப்போது தன் படிவத்தின் கடைசி வரியில் இருந்தாள். எறும்பு எழுத்தில் அங்கே இப்படி இருந்தது: இவ்விடத்துக் குடாவில் குமிழிகள் பேசும், அதனால் நேரும் எதற்கும் நிறுவனம் பொறுப்பல்ல.

அவள் படிவத்தை எடுத்துக்கொண்டு ஜெனோவாவைக் கூடத்துக்குப் பின்பக்கம் அழைத்துப் போய்க் கேட்டாள். ஜெனோவா மழை வரும் என்று சொல்வதுபோல எல்லாவற்றையும் சொன்னாள்.

"மூச்சை அடக்கிக்கிட்டா?" என்றாள் திலகவதி.

"அது மட்டும் கூடவே கூடாதுக்கா. கீழ போனா முதல் விதியே அதுதான். மூச்சை அடக்கினா நுரையீரல் கிழிஞ்சிரும். எது நடந்தாலும் மூச்சு விட்டுக்கிட்டே இருக்கணும்."

"நினைக்காம இருந்தா?"

"நானும் பாத்திருக்கேன்க்கா, எத்தனையோ பேர் பாட்டுப் பாடுவாங்க, சாமி பேர் சொல்லுவாங்க. முதல் பத்து நிமிஷம்தான் தாங்கும்." அவள் சிரித்தாள். "தகரம் அடிக்கச் செல்லக்கனி அக்கா வருவாங்க. பயப்படாதீங்க. வேண்டாம்னா இப்பவே சொல்லிருங்க, யாரும் ஒண்ணும் நினைக்கப் போறதில்ல."

வேண்டாம் என்று சொல்லத்தான் திலகவதி வாயெடுத்தாள். கூடத்துக்குள் சௌந்தரபாண்டி சுவரில் ஒட்டியிருந்த மீன் படங்களுக்கு முன்னால் நின்று, ஒவ்வொன்றாக விரலால் தொட்டு, "இதை வார்டு டிவில பாத்திருக்கேன், இதையும் பாத்திருக்கேன்" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். அவள் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். ஏன் போட்டாள் என்று பிற்காலத்தில் அவளுக்கே விளங்கவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்குப் படகு புறப்பட்டது. படகோட்டியும் ஜெனோவாவும், மடியில் சதுரமான பிஸ்கட் டின்னை வைத்துக்கொண்டு செல்லக்கனியும், இவர்கள் இரண்டு பேரும். செல்லக்கனியின் தாத்தா மண்டபம் என்ற ஊரிலிருந்து வந்தவர். அவள் கரையில் சாப்பாட்டுக் கடை நடத்தினாள், மீதி நேரத்தில் தகரம் அடித்தாள். குமிழியைப் பற்றியும் தகரத்தைப் பற்றியும் அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்ட சௌந்தரபாண்டி, அவளிடமும் தன் கதையை ஆரம்பித்தார். இவதான் இழுத்துப் பிடிச்சு வச்சிருந்தா என்ற இடம் வந்தபோது செல்லக்கனி திலகவதியின் முகத்தை ஒருதரம் பார்த்துவிட்டு, டின்னின் பிடி சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள்.

திலகவதி தண்ணீருக்குள் போனாள். ஜெனோவா அவளுடைய சிலிண்டரின் கழுத்தைப் பிடித்தபடியே கூட வந்தாள். காது அடைத்தது, மூக்கைப் பிடித்து ஊதியதும் திறந்தது. கீழே போகப் போக வெயில் நீலமாகி, மணல் தெரிந்தது, மணலுக்கு நடுவே கோயில் தேர்போல ஒரு பவளப்பாறை தெரிந்தது, அதைச் சுற்றி மஞ்சளும் கறுப்புமாக, ஊதாவாக, பாவாடைத் துணிகளில்கூட அவள் பார்த்திராத நிறங்களில் மீன்கள் போய்க்கொண்டிருந்தன. மேலேயிருந்து, தொலைவில் யாரோ நெல் குத்துவதுபோல டொம் டொம் என்று செல்லக்கனியின் தகரம் கேட்டது. அந்தச் சத்தம் கேட்கக் கேட்க அவளுக்குத் தைரியம் வந்தது.

இருந்தாலும் அவள் முன்னேற்பாடாகத்தான் வந்திருந்தாள். அருப்புக்கோட்டை ஆறு இரண்டு ஆறு ஒன்று பூஜ்யம் ஒன்று என்று மனதுக்குள் ஆரம்பித்தாள். விருதுநகர் ஆறு இரண்டு ஆறு பூஜ்யம் பூஜ்யம் ஒன்று. சிவகாசி ஆறு இரண்டு ஆறு ஒன்று இரண்டு மூன்று. குமிழிகள் அவள் கண்ணாடியைத் தாண்டி வெள்ளிக் காசுகளாக மேலே போயின, ஒவ்வொன்றிலும் ஓர் ஊரின் பின்கோடு எண் இருந்தது. ராஜபாளையம், சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர் என்று போய்க்கொண்டிருந்தவள், ஓர் ஆமை தன் பாட்டுக்குப் பாறைக்கு அந்தப் பக்கம் இருந்து எழுந்து, அவளைப் பார்த்து, அவசரமில்லாமல் கடந்து போவதைக் கண்டு எண்ணை மறந்தாள். இதை அவர் பார்க்கணுமே என்று நினைத்தாள். அதுவும் ஒரு குமிழியாகப் போனது.

அப்போதுதான் தகரம் நின்றது.

கையை மாற்றியிருப்பாள், மறுபடியும் அடிப்பாள் என்று திலகவதி காத்திருந்தாள். அடிக்கவில்லை. மேலே படகின் அடிப்பாகம் ஒரு கறுப்பு இலையாக மிதந்தது. அதன் ஓரத்தில் ஒரு தலையின் நிழல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் நிறுத்தச் சொல்லியிருக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. மீனைப் பற்றி என்ன நினைக்கிறாள் என்று கேட்கத்தான் சொல்லியிருப்பார், வேறெதற்கும் இல்லை. அது தெரிந்ததுமே, நினைக்கக் கூடாது என்று ஒரு வருஷமாக அவள் அமுக்கி வைத்திருந்தது கண் முன்னால் வந்து நின்றது. பதினேழாவது நாள், மத்தியானம் மூன்று மணி, வராண்டா பெஞ்ச், காலடியில் துவைக்காத துணி அடைத்த கட்டைப்பை. அந்தப் பதினேழு நாளில் அவள் சேர்ந்தாற்போல இரண்டு மணி நேரம் தூங்கியதில்லை.

திலகவதி மூச்சை அடக்கிக்கொண்டாள்.

ஜெனோவா உடனே கண்டுபிடித்துவிட்டாள். குமிழி நின்றுபோன ஆளின் முன்னால் வந்து, கண்ணாடிக்குக் கண்ணாடி நேராக நின்று, தன் வாயைத் தொட்டு, கையை மெதுவாக முன்னால் நீட்டினாள்: விடு. திலகவதி தலையை ஆட்டினாள். ஜெனோவா மறுபடியும் கையை நீட்டினாள்: விடு, விடு. நெஞ்சு எரிந்தது, காதுக்குள் ரத்தம் இடித்தது, ஒரு சின்ன நீல மீன் அவர்கள் இருவருக்கும் நடுவே வந்து நின்றது. மெஷின் அவர் நெஞ்சை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்த அந்த நாட்கள் அவளுக்கு ஞாபகம் வந்தன. பிறகு எல்லாமே அவளை மீறிப் போயிற்று. வாயிலிருந்து ஒரே ஒரு குமிழி, தாம்பாளத்தளவு அகலமாக, விளிம்பு நெளிந்தபடி கிளம்பியது. அவள் அதைப் பிடிக்கக் கை நீட்டினாள்; அது விரல்களில் நான்காகப் பிரிந்து, மேலே போய் ஒன்றாகச் சேர்ந்துகொண்டு, வெளிச்சத்தை நோக்கிப் போனது. அது உடைவதை அவள் கீழேயிருந்து பார்த்தாள். சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. விளிம்பில் இருந்த தலை மட்டும் கொஞ்ச நேரம் அசையாமல் இருந்துவிட்டு உள்ளே போனது.

அப்புறம் அவர்கள் மேலே வந்துசேரப் பத்து நிமிஷம் ஆயிற்று, ஏனென்றால் மெதுவாகத்தான் ஏற வேண்டும். அந்தப் பத்து நிமிஷமும் திலகவதிக்கு மனதில் ஒன்றும் இல்லை; அவளுடைய குமிழிகள் அப்போது ஊமையாகவே உடைந்தன என்று படகோட்டி பிற்பாடு எல்லாரிடமும் சொன்னான்.

ஜெனோவா அவளைப் படகில் ஏற்றிவிட்டாள். சௌந்தரபாண்டி படகின் முன்பக்கம், தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். செல்லக்கனி துண்டை எடுத்துத் திலகவதியின் தோளில் போர்த்தி, அவள் காதருகே, "பேசாதே மதினி. முதல்ல சோறு" என்றாள். திலகவதி குனிந்து செருப்பைத் தேடியபோது செல்லக்கனியே தணிந்த குரலில், "அண்ணாச்சி மீனைப் பத்திக் கேக்கத்தான் நிறுத்தச் சொன்னாரு. ஆமை வந்ததைக் கேட்டுச் சிரிச்சாரு" என்றும் சொன்னாள்.

கரையில் செல்லக்கனியின் கடையில் இவர்களைத் தவிர இரண்டு பேர்தான் அப்போது இருந்தார்கள்; அவர்களும், படகோட்டி ஏதோ சைகை காட்ட, தட்டோடு எழுந்து வெளியே மரத்தடிக்குப் போனார்கள். சூரை மீன் குழம்பும் சோறும் வந்தது. சௌந்தரபாண்டி நிதானமாகச் சாப்பிட்டார். திலகவதிக்குச் சோறு இறங்கவில்லை; ஆனால் சாப்பிட்டு முடிக்காமல் பேச்சு ஆரம்பிக்காது என்பதால் உருண்டை உருண்டையாக விழுங்கினாள். அவர் மோர் ஊற்றிக்கொண்டார். கடைசிப் பருக்கை வரை வழித்துச் சாப்பிட்டார். செல்லக்கனி அடுப்படிக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு, வேண்டுமென்றே பாத்திரங்களை உருட்டினாள்.

"இவர் முடிஞ்சிட்டா நல்லாத் தூங்கலாம்" என்றார் சௌந்தரபாண்டி. குரலில் ஏற்ற இறக்கம் இல்லை, தந்தி வாசிப்பதுபோல இருந்தது. "அப்படித்தான் கேட்டுச்சு."

"ஆமா."

"நான் கஷ்டப்படுறது தீரணும்னு நினைக்கலையா?"

அவள் பொய் சொல்லியிருக்கலாம். கரையில் குமிழி எதுவும் இல்லை.

"இல்லங்க. எனக்குத் தூக்கம் வந்துச்சு. அவ்வளவுதான்."

அவர் முகம் சுருங்கியதை அவள் பார்த்தாள். அவர் அதை மறைக்க முயலவில்லை. வெளியே மரத்தடியில் ஒரு நாய் குரைத்தது, யாரோ அதை அதட்டினார்கள்.

"என்னிக்கு?"

"பதினேழாவது நாள்."

"நெஞ்சுல கத்தி வச்ச மாதிரி இருக்கு திலகா" என்றார். பிறகு, "பதினாறாவது நாள் நினைச்சியா?" என்று கேட்டார்.

"இல்ல."

"அதுக்கு முந்தி?"

"இல்லங்க. ஒருநாளும் இல்ல."

"பதினெட்டு?"

அவள் யோசித்தாள். "பதினெட்டாம் நாள் துணி துவைக்க வீட்டுக்குப் போனேன். சோப்புத் தீந்துபோயிருந்துச்சு. கடைக்குப் போயிட்டு வந்தேன். அன்னிக்கு ஒண்ணும் நினைக்கல."

சௌந்தரபாண்டி விரல்களை மடக்கி எண்ணினார், வைண்டிங்கில் கம்பிச் சுற்றுகளை எண்ணுகிற மாதிரி, உதடு அசைய. ஒரு கை முடிந்து மறு கைக்குப் போய், மறுபடியும் முதல் கைக்கு வந்தார்.

"அப்ப இருபத்தி ரெண்டு நாள் இருக்குல்ல" என்றார்.

ஒரு வருஷமாக அவளுக்கு அந்த ஒரு நாள்தான் தெரிந்திருந்தது. மற்ற நாட்கள் இருந்ததையே அவள் மறந்துபோயிருந்தாள்.

"நானா இருந்தா ஏழாம் நாளே நினைச்சிருப்பேன்" என்று சொன்னார் அவர், சிரிக்காமல். "கோவம் போயிருச்சுன்னு சொல்லலை. இருக்கு. போகும்போது போகட்டும்."

பிறகு அவர் எழுந்தார். தன் தட்டை எடுத்தார், அவளுடைய தட்டை எடுத்து அதன்மேல் வைத்தார், இரண்டு டம்ளர்களையும் விரலிடுக்கில் கோத்துக்கொண்டார். அவளுடைய உடம்பு பழக்கத்தில் பாதி எழுந்துவிட்டது. "உக்காரு" என்றார் அவர். அவர் மெல்ல நடந்து, வழியில் ஒருதரம் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, கழுவுகிற இடத்துக்குப் போனார். செல்லக்கனி அங்கிருந்து நகர்ந்து இடம் விட்டாள். ஒரு டம்ளர் அவர் கையிலிருந்து நழுவிச் சிமெண்டுத் தரையில் விழுந்து உருண்டது. அவர் குனிந்து அதைத் தேடுவது சத்தத்திலேயே தெரிந்தது.

திலகவதி எழுந்திருக்கவில்லை. மேஜைமேல் கையை மடித்து, அதன்மேல் தலையைச் சாய்த்தாள். அவர் இரண்டாவது தட்டைக் கழுவி முடிப்பதற்குள் தூங்கிப்போனாள்.